பழைய டிராக்டர்களின் தூக்கியும் பி.டி.ஓ. தண்டும்

வயலின் ஓரத்தில் திரும்பும் வேளையில் ஓட்டுநர் தூக்கிக் கைப்பிடியை மேலே இழுக்கிறார். கலப்பை மண்ணை விட்டு எழத் தொடங்குகிறது. அந்நேரத்தில் கிளட்ச்சு மிதியை அழுத்தி டிராக்டரை நிறுத்தினால், கலப்பை பாதி உயரத்திலேயே நின்றுவிடுகிறது. மிதியை விட்டதும் மீண்டும் எழுகிறது. இதனைக் காணும் புதியவர், தூக்கி பழுதுற்றது என்று கருதிப் பம்பைப் பிரிக்க முற்படுவார். பிரித்துப் பார்த்தால் அதில் குற்றம் எதுவும் இராது. குற்றமற்ற பம்பு களத்துப் புழுதியில் பிரிக்கப்பட்டதனாலேயே உண்மையில் பழுதாகிப் போவதும் உண்டு.

மேற்கூறிய நிகழ்ச்சி பழுதன்று. அவ்வகை டிராக்டரின் இயல்பு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்யப்பட்ட பல டிராக்டர்களில் சக்கரங்களைச் சுழற்றுதல், பின்புறத்து விசைத் தண்டைச் சுழற்றுதல், தூக்கியின் பம்பை இயக்குதல் ஆகிய மூன்று வேலைகளும் ஒரே கிளட்ச்சின் வழியாகவே நடைபெறுகின்றன. ஒன்றை நிறுத்தினால் மூன்றும் எஞ்சினிலிருந்து துண்டிக்கப்படும். பழைய டிராக்டர்களைக் கையாளுவோர் எதிர்கொள்ளும் வியப்புகளில் பெரும்பாலானவையும், விபத்துகளில் சிலவும், இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கின்றன. ஆதலின், களப்பணியாளரும் பட்டறை வகுப்பு நடத்தும் ஆசிரியரும் இதனைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

ஃபெர்குசன் அமைப்பு

கலப்பையை டிராக்டரின் பின்னால் சங்கிலியிட்டு இழுக்காமல், மூன்று இணைப்புக் கோல்களால் டிராக்டரோடு ஒன்றாகப் பிணைத்து, அதனை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறையை நிலைநிறுத்தியவர் அயர்லாந்தில் 1884-ஆம் ஆண்டு பிறந்த ஹாரி ஃபெர்குசன் ஆவார். இம்முறையில் 1936-ஆம் ஆண்டு வெளிவந்த ஃபெர்குசன்-பிரவுன் டிராக்டரில், டிராக்டர் நகர்ந்தால்தான் தூக்கி வேலை செய்யும். நின்ற இடத்தில் கலப்பையை உயர்த்த இயலாது. 1939-இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டுடன் சேர்ந்து வெளியிட்ட ஃபோர்டு 9என் டிராக்டரிலும், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட ஃபெர்குசன் டி.இ.-20 டிராக்டரிலும் இக்குறை நீங்கியது. நின்ற நிலையிலும் தூக்கி இயங்கிற்று. ஆயினும் கிளட்ச்சு மிதி அழுத்தப்படாதிருத்தல் வேண்டும் என்ற கட்டுப்பாடு எஞ்சி நின்றது.

இந்தியாவில் டிராக்டர் உற்பத்தி 1959-க்குப் பின்னரே தொடங்கிற்று. அதற்கு முன் இந்நாட்டில் ஓடியவை அனைத்தும் வெளிநாட்டிலிருந்து வந்தவையே. ஃபெர்குசன் டிராக்டர்களும் அவற்றுள் அடங்கும். அவற்றின் வழித்தோன்றலாகிய மாஸி ஃபெர்குசன் 35-இன் மரபு, சென்னையில் 1960-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட டாஃபே தொழிலகத்தின் வாயிலாக இந்திய வயல்களில் நெடுங்காலம் தொடர்ந்தது.

விசை செல்லும் வழி

டி.இ.-20 டிராக்டரில் எஞ்சினின் சுழற்சி முதலில் கிளட்ச்சுக்கும், பின்னர் கியர்ப் பெட்டிக்கும் செல்கிறது. கியர்ப் பெட்டியின் அடிப்பகுதியில் உள்ள துணைத் தண்டு, கிளட்ச்சிலிருந்து வரும் தண்டோடு எப்போதும் பற்சக்கரத்தால் இணைந்தே சுழலும். இத்துணைத் தண்டிலிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று, ஓட்டுநர் தேர்ந்த கியரின் வழியாகப் பின்சக்கரங்களுக்குச் செல்வது. மற்றொன்று, தனியான ஒரு நெம்புகோலால் இணைக்கப்பட்டுப் பின்னோக்கிச் செல்லும் நீண்ட தண்டு. இந்நீண்ட தண்டு ஹைட்ராலிக் பம்பை ஊடுருவி, அதனைச் சுழற்றிக்கொண்டே சென்று, டிராக்டரின் பின்புறத்தில் ஆறு வரிப்பற்கள் கொண்ட முனையாக வெளிப்படுகிறது. இதுவே பி.டி.ஓ. தண்டு எனப்படுவது.

இவ்வமைப்பிலிருந்து சில முடிவுகள் தாமே பெறப்படும். பி.டி.ஓ. நெம்புகோலை இணைக்காவிடின் பம்பு சுழலாது. பம்பு சுழலாவிடின் தூக்கியும் எழாது. “தூக்கி வேலை செய்யவில்லை” என்ற முறையீடு வரும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்நெம்புகோலையே அன்றி எண்ணெயை அன்று. மாறாக, தூக்கியைப் பயன்படுத்தும் பொழுதெல்லாம் பின்புறத்து வரிப்பல் முனையும் சுழன்றுகொண்டே இருக்கும். கலப்பை பூட்டிய டிராக்டரில் பி.டி.ஓ. தண்டுக்கு வேலை இல்லை. ஆயினும் அது ஓய்ந்திருப்பதில்லை. ஆகையால் அம்முனையின் மூடியைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் மிகவும் தீயது.

டி.இ.-20 டிராக்டரில் கியர்க் கைப்பிடியையே ஒரு தனி நிலைக்கு நகர்த்தி எஞ்சினைக் கிளப்ப வேண்டும். கியர் பூட்டிய நிலையில் எஞ்சின் கிளம்பி டிராக்டர் பாய்ந்துவிடாதபடி செய்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் இந்தக் காவல் சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு, பி.டி.ஓ. நெம்புகோலுக்கு இல்லை. நேற்று மாலை இணைத்த நெம்புகோல் இன்று காலையும் இணைந்தே இருக்குமாயின், எஞ்சின் கிளம்பும் அக்கணமே பின்னால் உள்ள கருவியும் சுழலும். கருவியருகே நிற்பவர் அதனை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இன்னொன்று நுட்பமானது. கியர் பூட்டிய நிலையில் கிளட்ச்சு மிதியை அழுத்தினால் எஞ்சின் மட்டுமே பிரிகிறது. சக்கரங்களும் துணைத் தண்டும் பி.டி.ஓ. தண்டும் தமக்குள் இணைந்தே இருக்கின்றன. டிராக்டர் சரிவில் உருளுமாயின் சக்கரங்கள் பி.டி.ஓ. தண்டையும் பம்பையும் சுழற்றும். எதிர்வழியாக, பி.டி.ஓ. தண்டோடு இணைந்த கருவி வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தால், அது சக்கரங்களைச் சுழற்றும். இப்பின்னைய நிலைமையே உயிருக்கு இடர் விளைப்பது. இது கீழே விரித்துரைக்கப்படும்.

தூக்கியின் இயல்புகள்

ஃபெர்குசன் பம்பு நான்கு பிஸ்டன்களை உடையது. பின்புற உறையில் உள்ள எண்ணெயிலேயே மூழ்கியிருப்பது. அதன் கட்டுப்பாட்டு வால்வு எண்ணெயை வெளித்தள்ளும் பக்கத்தில் இல்லை. உறிஞ்சும் பக்கத்தில் உள்ளது. எனவே தூக்க வேண்டாத போது பம்பு வெறுமனே சுழலும், எண்ணெயை உறிஞ்சாது. கைப்பிடியை உயர்த்தினால் உறிஞ்சும் வழி திறந்து, எண்ணெய் தூக்கியின் சிலிண்டருக்குச் சென்று பிஸ்டனைத் தள்ளுகிறது. கைப்பிடியைத் தாழ்த்தினால் சிலிண்டரில் உள்ள எண்ணெய் வெளியேறுகிறது. தூக்கி மேல்நோக்கி மட்டுமே விசை தரும். கீழ்நோக்கி இறக்குவது கருவியின் எடையே. கடினமான தரையில் கலப்பை இறங்கவில்லை எனில், தூக்கி அதனை அழுத்தவில்லை என்று குறை கூறுதல் பொருந்தாது. கொழுவின் கூர்மையையும், கலப்பையின் சாய்வையும், டாப் லிங்க் எனப்படும் மேலிணைப்புக் கோலின் நீளத்தையும் பார்த்தல் வேண்டும்.

மேலிணைப்புக் கோல் வெறும் பிடிப்புக் கோல் அன்று. அது தூக்கியின் உணர்கருவி. கலப்பை மண்ணை உழும்போது அதன் மேற்பகுதி முன்னோக்கிச் சாய முயன்று அக்கோலை முன்னே தள்ளுகிறது. தள்ளும் விசை ஒரு கனத்த சுருள்வில்லை அழுத்துகிறது. வில்லின் அசைவு வால்வை அடைகிறது. மண்ணின் எதிர்ப்பு மிகுந்தால் வால்வு சிறிது திறந்து கலப்பை சிறிது உயர்கிறது; அப்போது கலப்பையின் எடையில் ஒரு பங்கு பின்சக்கரங்களின் மேல் ஏறி அவற்றின் பிடிப்பை மிகுவிக்கிறது. எடை குறைந்த டிராக்டர் கனத்த கலப்பையை இழுக்க முடிவது இதனால்தான். கலப்பை மரவேரிலோ பாறையிலோ மோதும்போது வில் எல்லைவரை அழுந்தி, வால்வு எண்ணெயை வெளியேற்றும் நிலைக்குச் செல்கிறது. சக்கரங்களின் மேல் ஏறியிருந்த எடை நீங்கி, அவை வழுக்கிச் சுழல்கின்றன, டிராக்டர் நின்றுவிடுகிறது. முன்புறம் தூக்கிக்கொண்டு பின்னே கவிழாமலிருக்கச் செய்த காப்பு இது. ஓட்டுநர் இதனையும் பழுதென்று எண்ணுவது உண்டு.

கைப்பிடி இம்முறையில் குறிப்பது உயரத்தை அன்று, இழுவிசையின் அளவை. இதனை அறியாமையால் எழும் மயக்கம் மிகப் பெரிது. டி.இ.-20 போன்ற தொடக்ககால டிராக்டர்களில், கருவி ஏதும் மண்ணில் இல்லாத நிலையில் கைப்பிடியை நடுவில் வைத்தால் தூக்குக் கைகள் நடு உயரத்தில் நிலைத்து நிற்க மாட்டா. பெரும்பாலும் முழுதும் எழும் அல்லது முழுதும் இறங்கும். விதைப்புக் கருவி, புல்வெட்டி முதலியவற்றை ஒரு குறித்த உயரத்தில் நிறுத்த விரும்பியோர் சங்கிலி கட்டி எல்லை வகுத்தனர். கைப்பிடியின் நிலைக்கு ஏற்ற உயரத்தில் கைகளை நிறுத்தும் ஏற்பாடு ஃபோர்டு 8என் டிராக்டரில் 1947-இலும், ஃபெர்குசன் வரிசையில் பின்னர் 35 என்னும் வகையிலும் வந்தது.

இழுவிசைக் கட்டுப்பாடு எல்லா நிலங்களுக்கும் ஒரே பயனைத் தருவதன்று. ஒரே வயலில் கெட்டியான திட்டும் இளகிய திட்டும் மாறி மாறி வருமாயின், கெட்டியான இடத்தில் கலப்பை மேலெழுந்தும் இளகிய இடத்தில் ஆழ்ந்தும் செல்லும். உழவின் ஆழம் சீராக இராது. கரிசல் நிலத்தில் ஈரம் சமமாகக் காயாத நாட்களில் இது தெளிவாகப் புலப்படும். இத்தகைய இடங்களில் ஆழம் காக்கும் சிறு சக்கரம் பூட்டுவதே தக்கது.

இனி உண்மையான பழுதுகள். தூக்கிய கருவி, எஞ்சினை நிறுத்திய பின் மெல்ல மெல்லக் கீழிறங்குவது எல்லாப் பழைய டிராக்டர்களிலும் ஓரளவு காணப்படும். பிஸ்டன் வளையத்தின் ஓரத்திலும் வால்வுகளிலும் எண்ணெய் கசிவதே காரணம். இரவெல்லாம் சிறிது சிறிதாக இறங்கினால் பொறுக்கலாம். சில நிமிடங்களிலேயே தரை தொடுமாயின் வளையத்தையும் வால்வையும் சோதித்தல் வேண்டும். எஞ்சின் ஓடும்போது இக்கசிவைப் பம்பு விட்டு விட்டு ஈடு செய்வதனால், உயர்ந்து நிற்கும் கருவி இடையிடையே விக்கல் எடுப்பதுபோல் அசையும். தூக்கும்போதே பம்பின் சுழற்சிக்கு இசைய வெட்டி வெட்டி எழுந்தால் காரணம் வேறு: பம்பின் அறைகளுள் ஒன்றில் வால்வு சரியாக மூடவில்லை என்பதே அது. முழு உயரத்தில் கூச்சலிடும் ஓசை எழுந்தால், எல்லையை அடைந்ததும் வால்வைத் திருப்ப வேண்டிய உள்ளமைப்பு திருப்பாமையால், அழுத்தக் காப்பு வால்வு திறந்து எண்ணெய் பீறிடுகிறது என்று கொள்ளலாம். கைப்பிடியைச் சிறிது தாழ்த்தினால் ஓசை நிற்கும்.

எவ்வளவு நல்ல தூக்கியாயினும் அதனை நம்பி, தூக்கிய கருவியின் அடியில் கையோ காலோ நுழைத்தல் ஆகாது. கொழு மாற்றும் பொழுது கருவியைத் தரையில் இறக்குதல் வேண்டும். இயலாவிடின் கனத்த மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தல் வேண்டும். எண்ணெய்க் குழாயில் மயிரிழைத் துளை இருப்பதாக ஐயுற்றால், விரலால் தடவிப் பார்க்காமல் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அவ்வழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லக் கூடியது. அக்காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே மருத்துவரிடம் காட்டத் தக்கது.

எண்ணெயைப் பற்றி ஒரு குறிப்பு. இவ்வகை டிராக்டர்களில் கியர்ப் பெட்டிக்கும் பின் அச்சுக்கும் தூக்கிக்கும் எண்ணெய் ஒன்றே. கியர்கள் தேய்ந்து உதிர்க்கும் இரும்புத் துகள் பம்பைச் சென்றடையும். சேற்று நெல்வயலில் உழைத்த டிராக்டரில் நீர் புகுந்தால் எண்ணெய் பால்போல் வெளுக்கும். கியர்க் கைப்பிடியின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழைநீரும் அவ்வழியே இறங்கும். வெளுத்த எண்ணெயை முழுதும் வடித்து மாற்றுவதே மருந்து. மேலே புதிய எண்ணெய் ஊற்றுவது வீண் செலவு. வட இந்தியக் குளிர்காலக் காலைகளில் எண்ணெய் தடித்துத் தூக்கி சோம்பி எழுவதைப் பழுதாகக் கருத வேண்டியதில்லை.

பி.டி.ஓ. தண்டின் இயல்புகள்

பி.டி.ஓ. தண்டுக்கு உலகெங்கும் முதலில் ஏற்கப்பட்ட வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று ஆகும். டிராக்டரின் பின்னால் நின்று நோக்கினால் அது கடிகார முள் செல்லும் திசையில் சுழலும். பழைய டிராக்டர்களில் இவ்வேகம் எஞ்சினின் ஒரு குறித்த வேகத்தில் மட்டுமே கிடைக்கும், டி.இ.-20 டிராக்டரில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1500 சுற்று. எந்தக் கியரில் சென்றாலும் தண்டின் வேகம் எஞ்சினின் வேகத்தையே பின்பற்றும். எனவே புல் அடர்ந்த இடத்தில் எஞ்சினின் வேகத்தைக் குறைத்து மெதுவாகச் செல்வது தவறு. தாழ்ந்த கியருக்கு மாற்றி, எஞ்சினை உரிய வேகத்திலேயே ஓட்டுவது முறை.

டி.இ.-20, ஃபோர்டு 9என் ஆகியவற்றின் தண்டு முனை 1⅛ அங்குல விட்டம் உடையது. பின்னர் நிலைபெற்ற அளவு 1⅜ அங்குலம். இடையில் பொருத்தும் குழாய் இணைப்பால் இவ்வேறுபாட்டைச் சரிசெய்யலாம். ஆனால் அவ்விணைப்பு தண்டின் நீளத்தைக் கூட்டும். கருவியைத் தூக்கும்போது நீட்டிச் சுருங்கும் தண்டின் இரு பகுதிகளும் முட்டிக்கொண்டு, தாங்கியை உடைக்கும். புதிய இணைப்பைப் பொருத்தியபின், எஞ்சினை ஓட்டாமல், கருவியை எல்லா உயரங்களிலும் நிறுத்தித் தண்டில் இடம் எஞ்சியிருக்கிறதா என்று அளந்து பார்த்தல் வேண்டும். யுனிவர்சல் மூட்டுகள் இரண்டின் கவைகளும் ஒரே தளத்தில் அமைந்திராவிடில் தண்டு சீராகச் சுழலாது அதிரும்.

முன்பு கூறிய இடருக்கு இப்போது வருவோம். சுழல் புல்வெட்டியின் கனத்த அலகுகள் முழு வேகத்தில் சுழல்கின்றன. முன்னே வாய்க்கால் கரை தோன்றுகிறது. ஓட்டுநர் கிளட்ச்சு மிதியை அழுத்துகிறார். எஞ்சின் பிரிந்துவிட்டது; ஆனால் டிராக்டர் நிற்கவில்லை. அலகுகள் தம் சடத்துவத்தால் தொடர்ந்து சுழன்று, பி.டி.ஓ. தண்டையும் துணைத் தண்டையும் அவற்றின் வழியே சக்கரங்களையும் சுழற்றி, டிராக்டரை முன்னே தள்ளுகின்றன. பிரேக்கு போடினும் அது அலகுகளின் விசையோடு போராட வேண்டியிருக்கிறது. மிதியை அழுத்திய காலோடு கியரையும் நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் தொடர்பு அறும். ஆனால் சுமை ஏறிய கியர் எளிதில் விடுபடாது. பி.டி.ஓ. முனைக்கும் கருவிக்கும் இடையே ஒருவழிக் கிளட்ச்சு பொருத்துவதே நிலையான தீர்வு. அது டிராக்டரின் விசையைக் கருவிக்குச் செல்ல விடும். கருவியின் விசையைத் திரும்பி வர விடாது. ஒற்றைக் கிளட்ச்சு டிராக்டரில் கனத்த சுழற்கருவி பூட்டப்பட்டிருப்பதைக் காணும் களப்பணியாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இவ்வுறுப்பு உண்டா என்பதே. அதனைப் பொருத்திய பிறகும் மிதியை அழுத்தியவுடன் கருவி நின்றுவிடாது என்பதை மறத்தல் கூடாது. கருவி தன் சடத்துவத்தில் ஓய்ந்து நிற்கும் வரை அதன் அருகே செல்லலாகாது.

சுழலும் தண்டு துணியைப் பற்றிக்கொள்ளும் வேகத்தை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. நிமிடத்துக்கு 540 சுற்று எனில் நொடிக்கு 9 சுற்று. 1⅜ அங்குலத் தண்டின் சுற்றளவு ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். ஆகவே ஒரு நொடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் துணி சுற்றப்படும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூட்டில் சிக்கினால் அது 2.8 மீட்டர் ஆகும். துணி சுற்றச் சுற்றத் தண்டின் பருமன் வளர்ந்து வேகமும் மிகும். தோளில் இட்ட துண்டும், முந்தானையும், தொங்கும் வேட்டி முனையும் பற்றப்பட்டபின் விடுவித்துக்கொள்ள நேரம் இல்லை. தண்டின் மேலுறையும் முனையின் காப்புத் தகடும் இன்றி எந்தக் கருவியையும் இயக்க இடம் தருதல் ஆகாது. கதிரடிக்கும் இயந்திரங்களால் கைகளை இழந்தோர் பலராயினமையின், 1983-ஆம் ஆண்டில் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் நாடாளுமன்றத்தால் இயற்றப்பட்டது. அச்சட்டம் கதிரடிக்கும் இயந்திரத்தை நோக்கியது. அதனைச் சுழற்றும் தண்டின் மேலுறை உடைந்ததும் கழற்றி ஓரத்தில் போடப்படும் வழக்கமோ பட்டறைதோறும் காணத் தக்கது.

இரட்டைக் கிளட்ச்சு

இக்குறைகளைப் பொறியியலார் உணராமலில்லை. 1946-இல் கனடா நாட்டுக் காக்ஷட் 30 டிராக்டர், சக்கரங்கள் நின்றாலும் சுழலும் பி.டி.ஓ. தண்டுடன் வந்தது. ஃபோர்டு நிறுவனம் 1953-இன் என்.ஏ.ஏ. வகையில் பம்பை எஞ்சினோடு இணைத்தது. கிளட்ச்சு அழுத்தினாலும் தூக்கி எழுந்தது. மாஸி ஃபெர்குசன் 35-இன் உயர்ந்த வகையில் இரட்டைக் கிளட்ச்சு வந்தது. மிதியைப் பாதி அழுத்தினால் சக்கரங்கள் மட்டும் நிற்கும். முழுதும் அழுத்தினால் பி.டி.ஓ. தண்டும் பம்பும் நிற்கும். இங்கும் பழைய மயக்கம் புதிய உருவில் தோன்றுகிறது. பழக்கமில்லாத ஓட்டுநர் மிதியை அடிவரை அழுத்திவிட்டுத் தூக்கி எழவில்லை என்பார். இரு நிலைகளுக்கும் இடையே காலால் உணரத்தக்க தடை உண்டு. கிளட்ச்சு தேய்ந்து, மிதியின் சரிப்படுத்தம் தவறினால் அவ்வெல்லை மங்கும். 35-இன் பி.டி.ஓ. நெம்புகோலுக்குச் சக்கர வேகத்தைப் பின்பற்றும் நிலை ஒன்றும் உண்டு. அந்நிலையில் டிராக்டர் பின்னோக்கிச் சென்றால் தண்டும் எதிர்த்திசையில் சுழலும். பொருந்தாத கருவி அதனால் சிதையும்.

வகுப்பில் காட்டத் தக்க சோதனை

துணைத் தண்டின் தொடர்பை மாணவர்க்குக் காட்ட எஞ்சினை ஓட்டத் தேவையில்லை. டி.இ.-20 அல்லது அதனை ஒத்த டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கும் ஒரு பின்சக்கரத்துக்கும் கட்டை இட்டு, மற்றொரு பின்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, அச்சுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். பாட்டரியின் இணைப்பை நீக்கிவிடுதல் நலம். பி.டி.ஓ. நெம்புகோலை இணைத்து, உயர்ந்த கியரைப் பூட்டி, கிளட்ச்சு மிதியைக் கயிற்றால் அழுத்திக் கட்டுக. உயர்த்திய சக்கரத்தை ஒரு மாணவர் கையால் உருட்டினால், பின்புறத்து வரிப்பல் முனை அதனினும் விரைவாகச் சுழல்வதை அனைவரும் காண்பர். கியரை நியூட்ரலுக்கு மாற்றி மீண்டும் உருட்டச் செய்க. சக்கரம் சுழலும்; முனை அசையாது நிற்கும்.